விசிட் விசாவுக்கு ஒரு அர்ச்சனை

போன ஜூனில் ஒரு புதன்கிழமை, தீர யோசித்து, பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையை அக்கா கணவருக்கு விட்டுக்கொடுத்தேன். என் வாழ்க்கையில் இது சின்ன முடிவு அல்ல. பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் நான்கு நாளில் விமானம் ஏறப்போகிறவருக்கு ஜன்னல் பழக வேண்டாமா?

பாவா (எங்கள் பக்கத்தில் அக்கா கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) விசைத்தறி மெக்கானிக். வளைகுடாவில் ஏதாவது துணி ஆலையில் வேலை தேடப் போகிறார். இருந்த வேலையை விட்டாயிற்று. கையில் இருப்பது வேலை விசா அல்ல, ஒரு மாத விசிட் விசா. இறங்கி வேலையைப் பிடித்துவிட்டால் விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏஜென்ட்டின் திட்டம். நிபந்தனை ஒன்றுதான்: யார் கேட்டாலும் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டும். வேலை என்று வாய் தவறினால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் தாண்டப் போகும் முதல் ஆள். எனக்கே கால் தரையில் நிற்கவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தோம். நான்தான் அதிகாரி.

“எதுக்கு வர்றீங்க?”

“சுத்திப் பாக்க.”

“என்ன பாக்கப் போறீங்க?”

“ஒசரமான கட்டடம்.”

பின்சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். “ஏம்பா, மெட்ராஸ்ல இல்லாத கட்டடமா?”

வேலை கிடைத்தபின் போட வேண்டிய மொட்டையை அடிவாரத்தில் பாவா முன்கூட்டியே போட்டுக்கொண்டார். மலைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய், பேரத்துக்குப் பிறகு. மொட்டை எதற்காக என்று டிரைவர் கேட்டார். டூர் என்றார் பாவா.

“டூர் போறதுக்கு மொட்டை போட்டுகினு போறவர இப்பதாண்ணா பாக்கறேன்.”

மேலே நல்ல காற்று. ஆந்திரப் பக்கத்து மலைகள் வரிசையாகத் தெரிந்தன. கூட்டமில்லை. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டுவிட்டு, “என்ன வேண்டுதல்? உத்தியோகமா?” என்றார்.

பாவா ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“இல்லீங்க சாமி. டூரு. நல்லபடியா சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வரணும்.”

குருக்கள் அதையே சொல்லி அர்ச்சனை செய்தார்.

“முருகன்கிட்டயுமா பாவா?” என்றேன், வெளியே வந்து.

“யார் கேட்டாலும்னு சொல்லிகிறாங்க. பின்னால ஒருத்தன் நின்னுகினு இருந்தான், பாத்தியா?”

“அவரு தேங்கா உடைக்க வந்தவரு. போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க.”

“மாத்தி மாத்திப் பேசுனாதான் சந்தேகம் வரும்.”

இதில் நியாயம் இருப்பதாக அப்போது எனக்குப் பட்டது. பிரசாதம் வாங்கிக்கொண்டு உற்சாகமாக இறங்கினோம்.

போக நினைப்பவர்களுக்கு: கிருத்திகையைத் தவிர்த்தால் நின்று தரிசிக்கலாம். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்காக வேண்டிக்கொள்பவர்கள், வேலை தருபவர் எடுத்து அனுப்பும் வேலை விசா கைக்கு வந்தபின் விமானச் சீட்டு எடுங்கள். ஏஜென்ட் அரசாங்கத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். குருக்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அங்கே விமான நிலையத்தில் பாவாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏறி இறங்கிய ஆலைகளில் எல்லாம் வேலை அனுமதி கேட்டார்கள். விசா முடிவதற்கு முதல் நாள் நல்லபடியாகத் திரும்பி வந்தார். உயரமான கட்டடத்தைப் பார்த்திருக்கிறார்.