என் கதாநாயகனை இரண்டு முறை கொன்றேன்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் நான் குன்னூருக்குக் கீழே ஒரு ஃபேக்டரியின் கொழுந்துக் கொட்டகையில் எடைக்காரனாக இருந்தேன். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, லாரியில் ஏற்றிவிட வேண்டும். வாங்க ஆளில்லாத காலம் என்பதால் ஃபேக்டரி தினமும் கொழுந்து எடுக்காது. ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் நாலு நாளைக்கு ஒரு முறைதான். முறை தவறினால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்து குப்பைக்குத்தான் போகும்.

எடைக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிண்டல் பண்ணாமல் ஒரு சாக்கையும் நான் தராசில் ஏற்றியதில்லை. 'எடைக்காரர் வாய்க்கு மட்டும் லீவே கிடையாதுங்க' என்பார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு கிறுக்கும் எனக்கு இருந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். குந்தா அணை வேலைக்கு மலையேறி வந்து, அப்புறம் அரை ஏக்கர் தேயிலை நட்ட ஒரு முரட்டுக் கிழவர்தான் கதாநாயகன். அவருக்கு வாயில்லாப் பூச்சியாக ஒரு மனைவி. அக்கம்பக்கத்தார் செடியை அப்படியே காடாக விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும்போது, இவர் மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பார். லாரி வரும்வரை கொட்டகையில் நானே வாசித்துக் காட்டுவேன். 'கெழவன் இந்த வாரம் என்னங்க பண்ணுனான்?' என்று கேட்டுக்கொண்டேதான் சாக்கை இறக்குவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் ஆசிரியர் தொடரை முடிக்கச் சொல்லிவிட்டார். கிழவரைச் சாகடித்துவிடலாம், ஊரே அழட்டும் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிழவர் செடிகளுக்கு நடுவே சாய்கிறார். ஃபேக்டரி ஓட்டம் நிற்கிறது. நூறு பேர் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவருகிறார்கள். மலையே மூடுபனியைப் போர்த்திக்கொள்கிறது. எழுதி முடித்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் பாருங்கள். அத்தியாயம் போன வேகத்தில் திரும்பி வந்தது. 'ஆள் சாகவில்லை, மேடையில் விழுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு அனுப்புங்கள்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று எல்லோருக்கும் ஈரக் கழிவைக் கொஞ்சம் கூடவே போட்டேன்.

யாராவது ஒருத்தர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும் என்றிருந்தது. அன்று கடைசியாக நின்றவர் மேட்டு வரிசை அக்கா. போன மழைக்காலத்தில் அவர் வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். மறுநாள் நான் பூமாலையோடு போய், பிணத்தை எடுக்கிறவரை நின்றுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அரை ஏக்கரை அவர் ஒருத்தரே பார்த்துக்கொண்டார். லாரி வரத் தாமதமானதால் அவரை உட்காரவைத்துத் திரும்பி வந்த அத்தியாயத்தை முழுக்க வாசித்தேன்.

"ஏனுங்க சார், ஒருத்தரு செத்தா இத்தன வேல நிக்குமுங்களா?" என்று கேட்டார்.

"பின்ன நிக்காதுங்களா அக்கா? உங்க வரிசைலயே ஒப்பாரிச் சத்தம் கேட்டுட்டா, எடுக்கற வரைக்கும் பறிச்சு வெச்ச சாக்கக்கூட யாரும் தொட மாட்டீங்களே."

"அதுக்குத்தானுங்க நான் அழுகாம வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"அன்னிக்கு எங்க முறைங்க. காலைல ரெண்டு பேருமாப் பறிச்சுக் கட்டி வெச்சோம். அசதியா இருக்குதுன்னு எங்கூட்டுக்காரரு படுத்தாங்க. மத்தியானம் சோத்துக்குக் கூப்புடறேன், எந்திரிக்கல. தொட்டா சில்லுனு இருக்குது. வாயத் தொறந்து அழுதா ஊரு கூடிப்போயிரும். அப்பறம் சாக்கு அங்கியேதான் கெடக்கோணும். அவிய கையால கடைசியாப் பறிச்ச கொழுந்துங்க அது. அதக் குப்பைல கொட்ட மனசு வல்ல. கம்பிளியக் கழுத்து வரைக்கும் போத்தி உட்டுட்டு, கதவச் சாத்திட்டு, சாக்கத் தூக்கிட்டு வந்துட்டேன். குடுத்துட்டுப் போய்த்தானுங்க அழுதேன்."

"அன்னிக்கு எடை போட்டது நானா?" என்று கேட்டேன்.

"நீங்கதானுங்க."

மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ சாக்கில் அதுவும் ஒரு சாக்கு. வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் என் முன்னால் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள்ளேயே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனசு அத்தியாயத்துக்குப் போய்விட்டது.

"அக்கா, இத நான் எழுதிக்கட்டுங்களா?"

"எழுதுங்க. ஆனா நடந்தபடிக்கு எழுதுங்க. ஒண்ணுங் கூட்டிக் கொறைக்கப்படாது" என்றார். ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மத்தியானத்துக்குள் எழுதி முடித்தேன். கிழவர் வீட்டில் சாகிறார். கம்பளி, சாத்திய கதவு, சாக்கு எல்லாம் அக்கா சொன்னபடியே. தராசுப் பக்கம் வந்தபோதுதான் பேனா நின்றது. அங்கே ஒரு நல்ல மனுஷன் இருந்தால் தேவலை என்று தோன்றியது. அதனால் என் கதையின் எடைக்காரர் அந்த மனைவியின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்துகொள்கிறார். ஒன்றும் கேட்காமல் அவளை முன்னால் கூப்பிட்டு, முதலில் எடை போட்டு, ஈரத்துக்குக் கழிக்காமல் அனுப்பிவைக்கிறார். எனக்கு அந்த எடைக்காரரை ரொம்பவே பிடித்துப்போயிற்று. ஞாபகம் இல்லாத இடத்தைத்தானே நிரப்பினேன், சத்தியம் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

'இப்போதுதான் ஆள் செத்தார்' என்று ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. அத்தியாயம் வெளியானதும் கடிதங்கள் வந்தன. அந்த எடைக்காரரைப்போல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மேட்டு வரிசைக்கு முறை வந்த அன்று தூறல். கொட்டகைக்குள் எல்லோரும் ஒடுங்கி நிற்க, பத்திரிகையைப் பிரித்து வாசித்தேன். கம்பளி வந்த இடத்தில் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எடைக்காரர் வந்த இடத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாசித்து முடித்தபோது இரண்டு மூன்று பேர் தேம்பிக்கொண்டிருந்தார்கள். 'கெழவன் போயே போயிட்டானுங்களே' என்றாள் ஒருத்தி. நான் ஆசைப்பட்ட அழுகை இதுதான் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாக்கோடு அக்கா தராசருகே வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினார்.

"எல்லாஞ் செரிங்க சார். எடைக்காரர மட்டும் மாத்திப்போட்டீங்க."

"அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்லீங்களே அக்கா."

"எனக்கு இருக்குதுங்க. சீக்கிரம் எடை போட்டுருங்கன்னு மூணு தடவ கேட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டே கேட்டீங்க, என்னக்கா அவசரம், ஊட்டுல மாமன் காத்துட்டு இருக்காராக்கும்னு."

நான் தினமும் பத்துப் பேரிடமாவது சொல்லுகிற கிண்டல் அது. அன்று காலையில்கூட ஒருத்தியிடம் சொல்லியிருந்தேன். எடைச் சீட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பொய்யில்லை என்று எனக்குத் தெரியும், அது என்னுடைய வாய்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாங்கன்னேன். எல்லாருஞ் சிரிச்சாங்க."

சொல்லிவிட்டுக் கீழே கிடந்த சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்புறம் சாக்கைத் தூக்கித் தராசில் வைத்து, நான் எடை போடுவதற்காகக் காத்து நின்றார்.