எசேக்கியாவுக்குக் கூட்டிய வருஷங்கள்

அந்த டிசம்பர் முழுக்க அமிர்தம் புருஷனை ஏணியில் ஏற விடவில்லை. வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டக்கூட வெளியாளைக் கூப்பிட்டாள். பக்கத்து ஊர் கம்மாபுரத்துக்கு வண்டியில் போகிறேன் என்றார் பிரேம்நாத். “பஸ்ஸுல போங்க” என்று சாவியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டாள்.

பிரேம்நாத் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் சூளை பார்க்கிறவர். அங்கேயே அமிர்தம் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஆனால் ஒரு பயத்தை மட்டும் யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முந்தி பிரேம்நாத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில், கைவிட்ட மாதிரிதான் பேசினார்கள். புத்தாண்டு ஆராதனையில் எல்லோரையும் போல அவளும் தட்டிலிருந்து, அந்த வருஷத்துக்கென்று வேத வசனம் அச்சிட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்தாள். சாகக் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தபோது, கர்த்தர் அவன் ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த வசனம். அட்டையை அவர் தலையணைக்கடியில் செருகினாள். மனுஷன் பிழைத்து வந்தார். சபை நடுவே சாட்சி சொல்லி அழுதாள், எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள்.

இப்போது அந்தப் பதினைந்து முடிகிறது. போதாக்குறைக்கு அவர் மறுபடியும் நெஞ்சைத் தடவ ஆரம்பித்திருந்தார்.

“எரியுது அமிர்தம். டாக்டரைப் பாத்துட்டு வரலாமா?”

“புது வருஷம் பொறக்கட்டும்ங்க.”

டாக்டர் வாயால் அந்தக் கணக்கைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் காவியா வேத வினாடி வினாவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்பது அமிர்தத்தின் வேலை.

“எசேக்கியாவுக்கு அப்புறம் பட்டத்துக்கு வந்தது யாரு?” கேட்டுவிட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள்.

“மனாசே. அப்ப அவனுக்குப் பன்னிரண்டு வயசு. படுமோசமான ராஜா.”

“உன் வயசுதான். குணமும் ஒத்துப்போவுது” என்றார் பிரேம்நாத்.

“நானும் அவனும் ஒண்ணுதான்ப்பா. நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம்தானே நான் பொறந்தேன்? அவனும் எசேக்கியாவுக்குக் கூட்டிக்கொடுத்த வருஷத்துல பொறந்தவன்தான். பதினஞ்சுல பன்னிரண்டைக் கழிச்சுப் பாருங்க.”

அமிர்தம் நிமிர்ந்தாள். “அப்ப எசேக்கியா போனதோட எல்லாம் முடிஞ்சுபோவலையா?”

“எங்கம்மா முடிஞ்சுது? தாவீது ராஜாவோட வம்ச விளக்கு அணையாதுன்னு கர்த்தர் முன்னாடியே வாக்குக் குடுத்துட்டாரே. அதுக்காகத்தான் எசேக்கியாவையே எழுப்பி விட்டாரு. மனாசே அவ்வளவு ஆட்டம் போட்டும் அந்த வாக்கை மாத்தலை. அந்த வம்சத்துலதானே இயேசு வந்தாரு? முந்தாநேத்து எதுக்குக் கிறிஸ்மஸ் கொண்டாடினே?”

அமிர்தம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பயம், அட்டை, கணக்கு எல்லாம் அழுகையோடு சேர்ந்து கொட்டியது.

பிரேம்நாத் எழுந்து போய் அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “அதான் வூட்டுச் சோறெல்லாம் பெட்ரோல் வாசனை அடிச்சுதா?” என்றார்.

“சும்மா இருங்க!”

“ஏம்மா, கர்த்தரு அந்த ராஜாவுக்கு ஆயுசு குடுத்தாரு. நீ அதை எடுத்து எனக்குக் கெடுவா வெச்சிட்டே. சொன்னதைச் செஞ்சவரு கையிலதான் நானும் இருக்கேன். பதினஞ்சோ, இன்னும் ஒண்ணோ, அவரு பாத்துப்பாரு.”

திங்கட்கிழமை காலையில் அவளே ஆட்டோ பிடித்தாள். ஈசிஜி எடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது இரண்டு தடவை வாசலைப் பார்த்தாள். ஆனால் எழுந்து ஓடவில்லை. டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதயம் நல்லா இருக்குதுங்க. எரிச்சல் வயித்துலேருந்து வருது. வெளியில என்ன சாப்பிடுறீங்க?” என்றார்.

பிரேம்நாத் சுவரைப் பார்த்தார்.

“ஜங்ஷன் மசால்வடை சார்” என்றாள் அமிர்தம். “தினம்.”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். முந்தானையில் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

“கம்மாபுரம் போயிட்டு வாங்க. ஜங்ஷன் பக்கம் மட்டும் வண்டி திரும்புச்சுன்னா, அப்புறம் எசேக்கியா வந்து சொன்னாலும் விடமாட்டேன்.”