டெமோ ஜஸ்டின்

அனுமந்தன்பட்டியில் ஜஸ்டின் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் கை காட்டுவார்கள். டெமோ ஜஸ்டின் என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். பட்டப்பெயர் சொன்னால் சண்டைக்கு வருகிற ஊர் இது. ஆனால் இந்த மனிதர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அந்தப் பெயரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

தோட்டங்களிலிருந்து தேனி மார்க்கெட்டுக்குத் திராட்சை ஏற்றிப்போகிற சின்ன வேன் அவருடையது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. பீற்றிக்கொள்வது ஒன்றுதான் அவரிடம் இருந்த வியாதி. வேனுக்கு டயர் மாற்றினால் அதற்கும் ஒரு போட்டோ, சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்புக்குப் போய்விடும். நாலாவது படிக்கிற மகள் பெனிஷா கீபோர்டு கேட்டதும் உடனே வாங்கினார். சனிக்கிழமைதோறும் வேனிலேயே தேனிக்குக் கூட்டிப்போய் ஷீபா டீச்சரிடம் விட்டார்.

டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வீட்டுல தினம் பத்து நிமிஷம் பாப்பா பக்கத்துல உக்காருங்க. ஒங்களுக்குப் பாட்டுத் தெரியணும்னு இல்ல. தப்பு வந்தாத் திட்டாதீங்க, நல்லா வந்தா வீடியோ எடுக்காதீங்க. சும்மா கேளுங்க, போதும்."

ஜஸ்டின் பலமாகத் தலையாட்டினார். இரண்டு நாள் உட்கார்ந்தார். ஒரே வரியை நாற்பது தடவை கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. மூன்றாம் நாள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாலு மாதத்தில் பெனிஷாவுக்கு ஒரு மாதா பாட்டில் இரண்டு வரி வந்தது, அதுவும் வலது கையில் மட்டும். தப்பினால் தானே சிரித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள். அவளுக்கு அது போதும். அப்பாவுக்குத்தான் போதவில்லை. இந்த இரண்டு வரியை எந்த முகத்தோடு குரூப்பில் போடுவது?

கீபோர்டில் டெமோ என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் எந்திரமே ஒரு பெரிய பாட்டை வாசித்துக் காட்டும். ஒரு சாயங்காலம் அதை அமுக்கிவிட்டு, "கைய மட்டும் ஆட்டு ஆத்தா" என்றார்.

"இது நான் வாசிக்கலையேப்பா."

"சும்மா வெளையாட்டுக்குத்தான்."

வீடியோ போனது. பாராட்டு குவிந்தது. ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார். அதோடு நிற்கவில்லை, வீடியோ கைமாறிக் கோயில் வரைக்கும் போனது. கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் மறைக்கல்வி வகுப்பு விழாவில் பெனிஷா வாசிக்கட்டும் என்று பங்குச் சாமியாரே கேட்டுவிட்டார். ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். இவர், "சரிங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மனைவி கிளாரா படித்துப் படித்துச் சொன்னார். "உள்ளதச் சொல்லிப்புடுங்க. புள்ள தெரிஞ்ச ரெண்டு வரிய வாசிக்கட்டும்."

"அப்புறம் வீடியோ பொய்யின்னு ஆயிராதா? பட்டன அமுக்கட்டும், எவனுக்குத் தெரியப்போகுது?"

பெனிஷா வேண்டாம் என்றாள். இவர் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வளாகத்தில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பெனிஷா பட்டனை அமுக்கினாள், கையை ஆட்டினாள். பாட்டு முடிந்ததும் எழுந்து கும்பிட்டாள். கைதட்டல் எழுந்தது. அப்போது கீபோர்டு தன்பாட்டுக்கு அடுத்த பாட்டைத் தொடங்கியது, டிரம்ஸ் சத்தத்தோடு. வீட்டில் முதல் பாட்டு முடிந்த கையோடு ஜஸ்டினே நிறுத்திவிடுவார். அது நிற்காமல் அடுத்ததற்குப் போகும் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

கூட்டம் சிரித்தது. பெனிஷா கண்ட பட்டனையெல்லாம் அமுக்கினாள், நிற்கவில்லை. கூட்டத்துக்குள் அப்பாவைத் தேடினாள். கண்டுபிடித்தும்விட்டாள். மூன்றாவது வரிசையில் ஜஸ்டின் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாருக்கு ஒரு கோளாறும் இல்லை.

மறைக்கல்வி டீச்சர் வந்து நிறுத்தினார். "யாரு பாப்பா இப்படிச் செய்யச் சொன்னது?" என்று மெதுவாகத்தான் கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும் சொல்லல டீச்சர். நானாத்தான் அமுக்குனேன்."

அப்போதாவது எழுந்திருக்க வேண்டாமா மனிதர்? எழவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றது, பெற்றவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவள் 'டெமோ பெனிஷா' ஆனாள். வீட்டுக்கு வந்து கீபோர்டுக்கு உறை போட்டு மூடினாள். அழவில்லை. அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த வாரம் முழுக்க அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கிளாரா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அவ ஒங்களக் காட்டிக்குடுக்கல. நீங்க என்ன செய்யப்போறீக?"

அடுத்த ஞாயிறு பூசை முடிவில், சாமியாரிடம் அனுமதி கேட்டு ஜஸ்டின் மைக் முன்னால் போய் நின்றார்.

"அந்தப் பட்டன அமுக்கச் சொன்னது நாந்தான். எம்மக வேண்டாம்னுச்சு, நான் கேக்கல. அன்னைக்கு அது என்னையப் பாத்துச்சு, நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். டெமோன்னு யாரையாவது கூப்பிடணும்னா என்னையக் கூப்பிடுங்க. பிள்ளைய விட்டுருங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மத்தியானமே டீக்கடையில் ஒருவன், "டெமோ, டீ சாப்பிடுறியா?" என்றான். சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் பெயர் மகளை விட்டு முழுசாக இவரிடம் வந்து சேர்ந்தது.

கீபோர்டு மட்டும் மூடியே கிடந்தது. ஷீபா டீச்சரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "அதே பத்து நிமிஷந்தான். போய் உக்காருங்க" என்றார் டீச்சர். தினமும் சாயங்காலம் உறையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வா என்று கூப்பிடவில்லை. ஒரு மாதம் காலி நாற்காலிக்குத் துணையாக இருந்தார். ஒருநாள் பெனிஷா வந்து கதவோரம் நின்றாள்.

"போன் எங்கப்பா?"

"வண்டியில கெடக்கு ஆத்தா."

சட்டைப் பையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அதே இரண்டு வரியை வாசித்தாள். நடுவில் ஒரு விரல் தப்பியது. முன்பெல்லாம் சிரிப்பாள். இப்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

வருஷம் ஒன்றாகிவிட்டது. இரண்டு கையாலும் முழுப் பாட்டு வாசிக்கிறாள், தப்பினால் கொஞ்சம் சிரிக்கவும் செய்கிறாள். ஜஸ்டின் வாயைத் திறப்பதில்லை. ஊர் டெமோ என்று கூப்பிடுவது அவருக்கு உறைப்பதில்லை. ஆனால் கீபோர்டு கட்டையில் விரல் வைக்குமுன் பெனிஷா கேட்காத நாள் இன்னும் ஒன்றுகூட வரவில்லை.

"போன் எங்கப்பா?"

"வண்டியில ஆத்தா" என்பார், குனிந்தபடியே.