திருவுளச் சீட்டு

1991இல் சண்டை காரணமாகக் கடலுக்குப் போகத் தடை. யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வலை கொடியிலேயே கிடந்து உக்கியது. நிவாரண மாவை மட்டும் நம்பி எத்தனை நாள் இருப்பது? மூத்தவள் ஜெசிக்குப் பன்னிரண்டு வயது. அவளை அரியாலையில் ஒரு வீட்டு வேலைக்கு விடுவதென்று என் கணவர் முடிவெடுத்தார்.

“அங்கையாவது வயிறாறச் சாப்பிடட்டும்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதா சுரூபத்தின் முன் முழந்தாளில் நின்று அழுதேன். என் பிள்ளை இன்னொருத்தி குசினியில் சட்டி கழுவக்கூடாது தாயே என்று மன்றாடினேன். பக்கத்தில் முன்வீட்டுத் திரேசாக்காவும் அழுதுகொண்டிருந்தார். அவருடைய மகள் சுகந்தியையும் அதே போல ஒரு வீட்டுக்கு அனுப்ப இருந்தார்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிய, பங்குச் சுவாமியார் ஏழைக் குடும்பங்களை மறித்து வைத்துக் கதைத்தார்.

“ஒரு வருஷம் மாதாமாதம் காசு தருவம். என்னத்துக்குச் செலவழிச்சனீங்கள் எண்டு ஒருத்தரும் கேளாயினம். இப்பிடிக் குடுத்தால் குடும்பங்கள் நிமிருமோ எண்டு பாக்கிறதுதான் நோக்கம். ஆனால் எல்லாருக்கும் காணாது. திருவுளச் சீட்டுப் போடுவம்.”

என் பெயர் வந்தது. திரேசாக்காவின் பெயர் வரவில்லை.

ஜெசி வீட்டில் நின்றாள். சுகந்தி ஒரு பையோடு அரியாலைக்குப் போனாள்.

“உன்னை மாதாவுக்குத் தெரியும் பிலோமினா. என்னை இன்னும் தெரியேல்லைப்போலை” என்றார் திரேசாக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

திருவுளம் என்றால், சுகந்தி போனதும் திருவுளமா? அப்படிப்பட்ட கடவுள் எனக்கு வேண்டாம் என்று மாதாவிடமே சண்டை பிடித்தேன். செபமாலையைத் தொடவும் மனம் வரவில்லை. அப்படி இருக்கும்போதுதான் சுவாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தக் காசை என்ன செய்தாய் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லையே.

பாதியைத் திரேசாக்காவுக்குக் கொடுப்போம் என்று கணவரிடம் சொன்னேன்.

“பாதியிலை எங்களுக்குக் காணுமே?” என்றார்.

“காணாது. ஆனால் ரெண்டு பிள்ளையளும் வீட்டிலை நிப்பினம்.”

“அப்ப குடு” என்றார்.

நானும் திரேசாக்காவும் அரியாலைக்குப் போய் சுகந்தியைக் கூட்டிவந்தோம். வழிநெடுக அக்கா என் கையை விடவில்லை.

ஒரு வருஷத்தில் காசு நின்றது. நிற்கக்கூடாதென்றும் மன்றாடினேன், அது நடக்கவில்லை. ஆனால் அதற்குள் இரண்டு வீடும் சேர்ந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். கஷ்டம் போய்விடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். மாதா கைவிடமாட்டா. கேட்டது கிடைத்தால் நன்றி சொல்லுங்கள், சொல்லிவிட்டு முன்வீட்டையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். திரேசாக்காவின் மன்றாட்டும் அன்றைக்கே கேட்கப்பட்டது. பதிலை மாதா என் கையில் கொடுத்துவிட்டிருந்தா, அவ்வளவுதான்.