அல்சேஷன் வாங்கப் போனோம்

போன மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த பித்தளை அண்டா காணாமல் போனது. திருவள்ளூரில் திருட்டு ஒன்றும் புதிதில்லை. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அல்சேஷன் வாங்கிடறேன்!” என்று அறிவித்தேன்.

“நாயெல்லாம் வேணாங்க” என்றாள் என் மனைவி கமலா. ஏன் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கணவன் கேட்கிறான்?

சோழவரத்தில் ரெஜினா என்ற அம்மாள் ஜாதி நாய் வளர்த்து விற்பதாக ஆபீசில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். கமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள்.

கீற்றுக் கொட்டகையில் ஆறேழு குட்டிகள். பக்கத்துப் பந்தயத் திடலில் ரேஸ் கார்கள் உறுமுகின்றன... ஒரு குட்டிகூடக் காதை அசைக்கவில்லை!

“இந்த சத்தத்துலயே பொறந்ததுங்க சார். தீபாவளி வெடிக்குக்கூட அசையாது” என்றார் ரெஜினா பெருமையாக.

இருப்பதிலேயே கொழுத்த குட்டியைக் காட்டி, “அதைக் கொடுங்க” என்றேன்.

“இன்னா சார் அவசரம்? கத்திரிக்காயா வாங்க வந்துகீறே? மொதல்ல தாயப் பாரு. தாய் கொணம்தான் குட்டிக்கும் வரும். தாயக் காட்ட மாட்டேன்றவன் கையில குட்டி வாங்கவே கூடாது.”

சொல்லிவிட்டுத் தாய் நாயை அவிழ்த்துவிட்டார். கன்றுக்குட்டி அளவு! அடுத்த நொடி நான் கயிற்றுக் கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்படி ஏறினேன்? தெரியாது.

ரெஜினா சிரிக்கவில்லை. கேள்வி கேட்டார்.

“பகல்ல ஊட்ல யாரு இருப்பாங்க?”

“கமலா.”

“சோறு யாரு வெப்பாங்க?”

“கமலா.”

“ஒடம்புக்கு வந்தா டாக்டராண்ட யாரு தூக்கினு போவாங்க?”

“நான் ஆபீஸ் போயிடுவேன்... கமலாதான்.”

“அப்போ நாயி ஒனக்கில்ல, அந்தம்மாவுக்கு. பத்துப் பன்னெண்டு வருசம் கூட இருக்கப் போற உசுரு. அவங்களக் கேட்டியா சார்?”

நான் கமலாவைத் திரும்பிப் பார்த்தேன். கமலா மண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெரிய நாய் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. அவள் கண்களில் நீர்.

“மீஞ்சூர்ல எங்க ஊட்ல மணின்னு ஒரு நாய் இருந்துச்சு” என்றாள். “நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தா தெருமொனைல நிக்கும். அது செத்தப்போ எனக்குச் சோறே எறங்கல. இன்னொரு தடவ என்னால முடியாதுங்க. அதான் வேணாம்னேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷம். மணி என்ற பெயரையே அன்றுதான் கேட்கிறேன்.

கட்டிலை விட்டு இறங்கினேன். “வேணாம் கமலா. கொல்லைக் கதவுக்குப் பெரிய பூட்டு போட்டுக்கலாம்” என்றேன்.

“எப்படியும் இப்போ தர மாட்டேன்” என்றார் ரெஜினா. “இன்னும் பால் மறக்கல. மூணு வாரம் போவட்டும். வர்றதும் வராததும் அந்தம்மா இஷ்டம்.”

வெறுங்கையோடு திரும்பினோம். நான் பூட்டு வாங்கிப் போட்டேன். அதன் பிறகு நாய்ப் பேச்சையே எடுக்கவில்லை. கமலாவும் எடுக்கவில்லை. ஆனால் வாசலில் தெரு நாய் வந்து நின்றால், சோற்று உருண்டையோடு போய் வெகுநேரம் நிற்பாள்.

போன ஞாயிறு காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கமலா தலை பின்னி, பழைய புடவை விரித்த கூடையோடு எதிரே வந்து நின்றாள்.

“சோழவரம் பஸ் எத்தினி மணிக்குங்க?”

ரெஜினாவின் கொட்டகையில் கொழுத்த குட்டியை அவள் தொடக்கூட இல்லை. கை தட்டினாள். ஒன்று மட்டும் தடுமாறி ஓடி வந்து அவள் புடவை முந்தானையைக் கடித்து இழுத்தது. அதுதான் இப்போது எங்கள் வீட்டில் செருப்புகளைத் தின்றுகொண்டிருக்கிறது. கமலா அதைத் திட்டுகிற திட்டு தெருவுக்கே கேட்கிறது... இத்தனை சந்தோஷமாக அவள் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

ஜாதி நாய் வாங்கப் புறப்படும் கணவன்மார்களே, பல்லையும் வாலையும் அப்புறம் பார்க்கலாம் — முதலில் வீட்டில் ஒரு வார்த்தை ‘ஏன்’ என்று கேட்டுவிட்டுப் போங்கள்!