அபீலியோ ஏற்றிச் சென்ற தூதர்கள்

எங்கள் வர்த்தக அமைச்சகத்தில் உலக வணிகத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் டிரைவர் அபீலியோதான் என்றால் அமைச்சருக்குக் கோபம் வரும். ஆனால் அங்கே பன்னிரண்டு வருஷம் தட்டச்சு செய்தவன் நான்; எனக்குத் தெரியும்.

எங்கள் கிழக்குத் திமோர் உலக வணிக அமைப்பில் சேர மனுப் போட்டிருந்த காலம். உள்ளே இருக்கும் நாடுகள் எல்லாம் தலையாட்ட வேண்டும். ஒன்று முகம் சுளித்தாலும் கதவு திறக்காது. அதனால் தலைநகர் டிலிக்குத் தூதர்கள் வந்தபடியே இருந்தார்கள். கூட்ட அறையில், "உங்கள் முயற்சியை அக்கறையோடு கவனிக்கிறோம்" என்பார்கள். ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் மனசில் இருப்பது வரும். ஸ்டியரிங் பிடிப்பவனுக்கும் காது உண்டென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அபீலியோ ஐ.நா. அமைதிப் படைக்கு வண்டி ஓட்டிய நாளிலேயே இங்கிலீஷ் பழகியவர்.

விமான நிலையத்திலிருந்து அவர் திரும்பும் நேரம் பார்த்து, பிரிவுத் தலைவி ஜசிந்தா வண்டிக் கொட்டகையில் நிற்பார்.

"என்ன அண்ணே சொன்னான்?"

"'இவங்ககிட்ட விக்க என்ன இருக்கு, காப்பியும் கடலும்தானே'ன்னான் அக்கா. கூட வந்தவன், மீன்பிடி சட்டத்தைக் கிளறி ஒரு வருஷம் இழுத்தடிக்கலாம்னு யோசனை சொல்றான்."

அன்றைக்கே ஜசிந்தா மீன்பிடிச் சட்டத்தோடு உட்கார்ந்துவிடுவார். மூன்று வாரம் கழித்து அந்த நாட்டிலிருந்து கேள்வி வரும். பதில் மறுநாளே போகும். வெளிநாட்டார் எங்கள் வேகத்தை மெச்சினார்கள். அமைச்சர் அதைத் தன் நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரே ஒரு நாடு மட்டும் பிடிகொடுக்காமல் நின்றது. அதன் தூதர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். காப்பி மலையைப் பார்க்க வேண்டும் என்றார். ஜசிந்தாவும் அபீலியோவும் அவரைக் காப்பி விளையும் எர்மேரா பக்கம் அழைத்துப் போனார்கள். க்ளேனோ சந்தையருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு கடையில் காப்பி கேட்டார் தூதர். கடைக்காரம்மா பக்கத்து நாட்டுப் பாக்கெட் ஒன்றைக் கிழித்துத் தூளைக் கோப்பையில் கொட்டி வெந்நீர் ஊற்றினாள். சுற்றிலும் மலை முழுக்கக் காப்பிச் செடி.

ஜசிந்தா கடைக்காரம்மா பக்கம் குனிந்தார். "ஏம்மா, நம்ம காப்பி இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது கப்பலேறிப் போயிடுச்சு. இந்தா நிக்கிறாரே, இவங்க ஊருக்குத்தான். நல்லது அவங்களுக்கு, பாக்கெட்டு நமக்கு. இதுகூடத் தெரியாமலா ஆபீஸ்ல உக்காந்திருக்கே?"

தூதர் விளக்கம் கேட்டார். ஜசிந்தா காப்பிக்குக் காசு எடுக்கப் பைக்குள் கைவிட்டார். தூதர் அபீலியோவைப் பார்த்தார். வண்டியில் அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர், அந்தம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னார், ஆபீஸ் வசவு உட்பட.

தூதர் கோப்பையைக் காலி செய்தார். திரும்பும் வழியெல்லாம் போனில் தன் தாய்மொழியில் பேசிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணே சொன்னான்?" தூதரை இறக்கிவிட்டதும் ஜசிந்தா கேட்டார்.

"அந்தப் பாஷை எனக்கு வராதுக்கா. ரெண்டு தடவை சிரிச்சான்."

"அந்தம்மா பேசினதைக் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மாத்திச் சொல்ற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் பத்தாது."

இரண்டு மாதத்தில் அந்த நாட்டின் ஆதரவுக் கடிதம் வந்தது. 'ஏற்றுமதி, இறக்குமதி பற்றி இந்நாட்டு மக்களுக்குத் தெளிவான புரிதல் இருக்கிறது' என்று அதில் ஒரு வரி. பாராட்டு விழாவில் அமைச்சர் அதை இரண்டு முறை வாசித்து, எல்லாம் தன் உரைகளின் பலன் என்றார். அபீலியோ வெளியே ஜீப்பின் நிழலில் பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அமைப்பில் சேர்ந்த பிறகு தூதர்கள் வரத்து நின்றது. அபீலியோவைத் தபால் வண்டிக்கு மாற்றினார்கள். அவருக்கு வருத்தம்தான், கடிதங்கள் பேசுவதில்லை என்றார். ஆனால் ஒரு வருஷத்துக்குள் திரும்பவும் ஜீப் சாவி கைக்கு வந்தது. இப்போது எங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்கிறதல்லவா? தங்கள் ஆளை அமைப்பின் தலைமைப் பதவிக்கு நிறுத்தியிருக்கும் நாடுகள் ஆதரவு கேட்டு வர ஆரம்பித்திருந்தன.

போன வாரம் வந்தவர் வழி நெடுக எங்கள் அமைச்சரின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். பொறுக்க முடியாமல் அபீலியோ மூன்று தடவை திருத்திக் கொடுத்தார். வாசலில் இறங்கியதும் அந்த மனிதர் தப்பாகத்தான் சொன்னார். அமைச்சருக்கு அதுவே பரம சந்தோஷம்.