வம்சாவளியில் நான் திருத்திய பிழை

பத்து வயது வரை அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயர், பச்சையம்மாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆயா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியும் சட்டம் மட்டும் சாகவில்லை. அம்மாவுக்கு நான் குட்டி, பாப்பா, கோபம் வந்தால் சனியன். ஒரு தடவையாவது பெயரைச் சொல்ல வைத்துவிடுவது என்று நானும் பிடிவாதமாக இருந்தேன். குட்டி என்றால் காது கேட்காதவள் போல உட்கார்ந்திருப்பேன். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில், புதுச்சேரி பார்க்க வந்த ஒரு கனடா அம்மாள் பட்டுப்புடவை வாங்க ஆரணிக்கும் வந்தார். புடவை வியாபாரம் செய்த சித்தப்பா அவரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். தறியைப் பார்த்து முடித்ததும் அந்த அம்மாள் பையிலிருந்து நீளமான தாள் ஒன்றை எடுத்து விரித்தார். முந்நூறு வருடத்துக்கு முன் பிரான்சிலிருந்து கப்பலேறிக் கனடா போன ஒரு சிப்பாயில் தொடங்கி அவர் வரைக்கும் பத்துத் தலைமுறை அதில் இருந்தது. ஓரிடத்தில் ஒரே தாய் தகப்பனுக்குக் கீழே மரி, மரி என்று இரண்டு பெண்கள். ஏன் என்று சித்தப்பா கேட்டார். மூத்த மரி இரண்டு வயதில் இறந்துவிட்டாள், பெயர் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அடுத்துப் பிறந்தவளுக்கும் அதையே வைத்தார்கள் என்றார் அவர். சித்தப்பா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், அந்த ஊரில் பெயருக்கே பஞ்சம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் கிளம்பிப் போனதும் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கடல் தாண்டிப் போனவங்க பத்துத் தலைமுறைய கையில வெச்சிகினு சுத்துறாங்க. இங்கியே கீற நமக்குத் தாத்தனோட அப்பன் பேரு தெரியல.”

சேத்துப்பட்டில் ஒரு பங்காளி, தெள்ளாரில் ஒரு கிழவர் என்று ஞாயிறு தவறாமல் வண்டியில் அலைந்தார். சொத்துக்குப் பங்கு கேட்க வந்திருக்கிறான் என்று பயந்து பாதிப்பேர் வாயைத் திறக்கவில்லை. அவர் விடவில்லை. மறுபடி போனார். ஆறு மாதத்தில் ஏழு தலைமுறை சேர்ந்துவிட்டது. பாட்டன் பெயர் பேரனுக்கு என்பதால் ஏழுமலை, முனுசாமி, ஏழுமலை, முனுசாமி என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்தன.

எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்து, பெரிய சார்ட்டில் மையால் எழுதச் சொன்னார். அப்பா அம்மாவுக்குக் கீழே வந்தபோது பச்சையம்மாள், பச்சையம்மாள் என்று இரண்டு முறை இருந்தது. அலைந்த களைப்பில் சித்தப்பாவுக்குக் கை தவறிவிட்டது என்று நானே முடிவு செய்தேன். முதலாவதை விட்டுவிட்டு, அடுத்ததைப் பூப்போட்டு எழுதினேன்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மேலேயிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் நின்றாள். என் பெயருக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தைத் தடவினாள்.

“பச்சையம்மா எங்க?”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “இதோ கீறேம்மா” என்று அவள் முகத்துக்கு நேரே போய் நின்றேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள், பத்து வயதுப் பெண்ணை. வெகுநேரம் பிடியை விடவே இல்லை. மாமியார் பெயரைச் சொல்லிவிட்ட பயம் போல என்று நினைத்தேன்.

அம்மா என் பெயரைச் சொல்லிவிட்டாள் என்று அன்று தெரு முழுக்கச் சொல்லி வந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்து, நடை பழகி, காய்ச்சலில் போனதைச் சித்தப்பா என்னிடம் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். அம்மா சட்டத்தை மீறிக் கூப்பிட்டது அவளை. ஓடி வந்து நின்றது நான்.